யாரை ஆராய்கிறார்கள்? சாதியும் உளவியல் ஆய்வின் அறமும்

(தட்டாஞ்சாவடியில் நிகழ்த்தப்பட்ட அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாபாசாகேப் அம்பேத்கரை நினைவுகூரும்போது அரசியல் சட்டத்தைப் பேசுகிறோம், பௌத்தத்தைப் பேசுகிறோம், போராட்டத்தைப் பேசுகிறோம். ஆய்வாளராகிய அம்பேத்கரைக் குறைவாகவே பேசுகிறோம். 1916 மே 9 அன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில், 25 வயது மாணவரான அவர் இந்தியச் சாதிகள் குறித்த தம் கட்டுரையை வாசித்தார். மற்றவர்கள் ஆராய்ச்சிப் பொருளாக மட்டுமே வைத்திருந்த மக்களிடமிருந்து வந்த ஒருவர், ஆராய்பவராக எழுந்து நின்றார். தமிழ் மண்ணில் அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய தம் இதழின் வழியாக அந்த வேலையை அதற்கு முன்பே செய்திருந்தார். இந்த மரபை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இன்றைய பொருளுக்குள் போகிறோம்.

புதுச்சேரி ஆராய்ச்சி நிறுவனங்கள் நிறைந்த ஊர். தட்டாஞ்சாவடிக்குப் பக்கத்திலேயே ஜிப்மர் இருக்கிறது. காலாப்பட்டில் 1985இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நகருக்குள் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. இவை தவிர எத்தனையோ நர்சிங் கல்லூரிகள், சமூகப் பணித் துறைகள், உளவியல் துறைகள். கையில் கேள்வித்தாளோடு ஒரு மாணவர் நம் தெருவுக்குள் வருவது நமக்குப் புதிதல்ல. உங்கள் வீட்டில் யாராவது குடிக்கிறார்களா, மனச்சோர்வு உண்டா, பிள்ளை ஏன் படிப்பை நிறுத்தியது என்று கேட்கிறார்கள். நாமும் பதில் சொல்கிறோம். இப்போது ஒரு மாற்றம் வந்திருக்கிறது. கேள்வித்தாளோடு வருகிற மாணவர் சில சமயம் நம் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கிறார். ஆகவே ஆய்வின் அறம் என்பது இன்று நமக்கு இரண்டு பக்கமும் உள்ள கேள்வி. நம்மை ஆராய்கிறவர்களிடம் எதைக் கேட்பது? நாம் ஆராயும்போது எதைக் கடைப்பிடிப்பது?

1. சமூக உணர்திறன் கொண்ட ஆய்வு என்றால் என்ன?

மனிதன் எத்தனை எண்களை ஒரே நேரத்தில் நினைவில் வைத்துக்கொள்வான் என்று ஓர் உளவியலாளர் ஆராய்ந்தால், முடிவு எதுவானாலும் எந்தத் தெருவுக்கும் பாதிப்பில்லை. ஒரு குறிப்பிட்ட சாதியில் பிறந்த பிள்ளைகளுக்கு நினைவாற்றல் எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்தால் கதை வேறு. ஆய்வில் உட்காராத பிள்ளையையும் அந்த முடிவு தொடும். பிறக்கப்போகிற பிள்ளையையும் தொடும்.

1988இல் ஜோன் சீபர், பார்பரா ஸ்டான்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்க உளவியல் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரை இந்த வேறுபாட்டை வரையறுத்தது. ஆய்வில் பங்கேற்பவர்களுக்கோ, அவர்கள் எந்த மக்கள் கூட்டத்தின் பிரதிநிதிகளாகக் கருதப்படுகிறார்களோ அந்தக் கூட்டத்துக்கோ சமூக விளைவுகளை உண்டாக்கக்கூடிய ஆய்வுகளைச் சமூக உணர்திறன் கொண்டவை என்றார்கள். இத்தகைய ஆய்வில் நான்கு இடங்களில் அறக்கேள்வி எழுகிறது என்றும் சொன்னார்கள். கேள்வியை அமைக்கும் இடம், பங்கேற்பாளரை நடத்தும் இடம், ஆய்வு நடக்கும் நிறுவனம், முடிவை விளக்கிப் பயன்படுத்தும் இடம். இவற்றை நான்கு வாசல்கள் என்று வைத்துக்கொள்வோம்.

வழக்கமாக நம் கல்லூரிகளில் ஆய்வு நெறி என்றால் இரண்டாவது வாசலை மட்டுமே பார்க்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியாயிற்றா, பெயரை மறைத்தாயிற்றா என்பதோடு முடிந்துவிடுகிறது. கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர். விளைவைச் சுமப்பது ஒரு சமூகம். இந்த இடைவெளியைத்தான் இன்று பேச வேண்டும்.

2. அளக்கப்பட்ட மூக்கும் அளக்கப்பட்ட அறிவும்

முதல் வாசல் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வரலாறு சான்று. பிரிட்டிஷ் இந்தியாவில் ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற அதிகாரி மூக்கின் அகலத்துக்கும் சமூக மதிப்புக்கும் தொடர்பு இருப்பதாக எழுதினார். மூக்கு அகலமாக ஆக, சாதி கீழே போகிறதாம். நம் பக்கத்தில், சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த எட்கர் தர்ஸ்டன் தலைகளையும் மூக்குகளையும் கருவி வைத்து அளந்தார். ரங்காச்சாரியோடு சேர்ந்து அவர் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்ற ஏழு தொகுதிகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. அளந்தவர்கள் கேட்ட கேள்வியிலேயே பதில் அடங்கியிருந்தது. சாதி உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டுதான் அளவுகோலை எடுத்தார்கள்.

அம்பேத்கர் இதற்கு எப்படிப் பதில் சொன்னார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1948இல் வெளிவந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலில் அவர் அந்த அளவுகளை ஒதுக்கித் தள்ளவில்லை. கையில் எடுத்தார். சமூகவியலாளர் குர்யே தொகுத்திருந்த மூக்கு அளவுகளைக் கொண்டே, இந்த அளவுமுறை சரியென்றால் பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதான் ஆகிறது, ஆகவே தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமாக முடியாது என்று காட்டினார். தவறான கேள்விக்குத் திரட்டப்பட்ட தரவுகளைச் சரியான கேள்வியின் முன் நிறுத்தினார்.

உடம்பை அளந்தவர்களுக்குப் பிறகு அறிவை அளப்பவர்கள் வந்தார்கள். 1905இல் பாரிசில் ஆல்பிரட் பினே அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய. அது அமெரிக்காவுக்குப் போனதும் வேறு வேலைக்குப் பயன்பட்டது. முதல் உலகப் போரின்போது படைவீரர்களிடம் பெருமளவில் நடத்தப்பட்ட சோதனைகளை வைத்து, தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று 1923இல் கார்ல் பிரிகாம் எழுதினார். அந்த மக்களின் வருகையைச் சுருக்கிய குடியேற்றச் சட்டம் 1924இல் வந்தது. 1930இல் பிரிகாம் தம் முடிவுகள் ஆதாரமற்றவை என்று திரும்பப் பெற்றார். சட்டம் திரும்பவில்லை. ஆய்வாளர் மனம் மாறலாம்; அவருடைய ஆய்வு அதற்குள் அரசாணையாகியிருக்கும்.

இந்தச் சோதனை இந்தியாவுக்கு வந்த வேகத்தையும் பாருங்கள். 1929இலேயே ஹெர்பர்ட் ரைஸ் என்பவர் பினே சோதனையை இந்துஸ்தானியில் தகவமைத்து வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே, பஞ்சாபின் சில சாதிக் குழுக்களின் அறிவுத்திறன் ஒப்பீடு என்று சேர்த்திருந்தார். அளவுகோல் இந்தியாவுக்குள் நுழையும்போதே சாதியைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தது.

பிறவியிலேயே சிலர் குற்றவாளிகள் என்ற எண்ணமும் இப்படித்தான் சட்டமாயிற்று. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. கைரேகை, இரவுக் காவல், நிலையத்தில் கையெழுத்து என்று முழுச் சமூகங்களும் கண்காணிக்கப்பட்டன. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1952இல் சட்டம் போனது. ஒரு திருட்டு நடந்தால் முதலில் எந்தக் குடியிருப்புக்குப் போலீஸ் வண்டி போகிறது என்பதைப் பார்த்தால், அந்த எண்ணம் போகவில்லை என்பது தெரியும்.

3. ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம்

பழைய கதையை மட்டும் பேசினால், அது காலனியக் காலத்தின் பிழை, இன்று எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவோம். நம் காலத்து ஆய்வு ஒன்றை, நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். அறிக்கையை 2004இல் உலக வங்கி வெளியிட்டது. மேல்சாதிச் சிறுவர்கள் 321 பேர், சமார் சமூகத்தைச் சேர்ந்த தலித் சிறுவர்கள் 321 பேர். சிறுவர் இதழ்களில் வருமே, பென்சிலால் வழி கண்டுபிடிக்கும் புதிர்ப்படம், அதைத் தீர்க்க வேண்டும். தீர்ப்பதற்குப் பணம் உண்டு.

சாதியைப் பற்றி எதுவும் சொல்லாமல் புதிரைக் கொடுத்தபோது இரு தரப்புச் சிறுவர்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை. இன்னொரு சுற்றில் ஒவ்வொரு சிறுவனின் பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தார்கள். அப்போது தலித் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்து, பெரிய இடைவெளி ஒன்று தோன்றியது. அதே வகைப் புதிர்தான். மாறியது அறையில் சொல்லப்பட்ட ஒரு சொல். மூன்றாவதாக ஒன்று செய்தார்கள். பரிசை மனிதத் தலையீடு இல்லாத ஒன்று தீர்மானிக்கும்படி வைத்தபோது, சாதி அறிவிக்கப்பட்டிருந்தும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது.

இந்த ஆய்வை நான்கு வாசல்களிலும் நிறுத்திப் பார்ப்போம்.

முதல் வாசல், கேள்வி. தலித் பிள்ளைகளின் அறிவு குறைவா என்று இவர்கள் கேட்கவில்லை. சாதியைப் பொதுவில் சொன்னால் பிள்ளையின் செயல்திறன் என்ன ஆகிறது என்று கேட்டார்கள். ஒரு கேள்வி சாதியைப் பிள்ளையின் மூளைக்குள் தேடுகிறது, மற்றது வகுப்பறைக்குள் தேடுகிறது. ரைஸ் காலத்துக் கேள்விக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரியது. இந்த வாசலில் ஆய்வு தேறுகிறது.

இரண்டாவது வாசல், பங்கேற்பாளர். இங்கே நாம் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. மேல்சாதிப் பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு பெரியவர் அவன் சாதியை உரக்கச் சொல்கிறார். அறிவியலுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. அது இல்லாமல் இந்த உண்மை வெளிப்பட்டிருக்காது. ஆனால் விலையைக் கொடுத்தது அந்தப் பிள்ளை. இதுபோன்ற சோதனையில், என்ன நடக்கப்போகிறது என்பது பெற்றோருக்கு முன்கூட்டியே எந்த அளவுக்குச் சொல்லப்பட வேண்டும்? முடிந்த பிறகு பிள்ளையை உட்காரவைத்து, நீ குறைவாகச் செய்ததற்குக் காரணம் நீ இல்லை என்று விளக்கி அனுப்புவது யார் பொறுப்பு? இவற்றுக்குப் பதில் இல்லாமல் இப்படியொரு சோதனையை யாரும் இனி வடிவமைக்கக் கூடாது என்பது நம் நிலைப்பாடு.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையில் ஒருமுறை நடந்தது நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் நடக்கிறது. ஸ்காலர்ஷிப் படிவம் வந்தால், எஸ்சி பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க என்று சொல்லும் வகுப்பறைகளை நம்மில் பலரும் அறிவோம். அதற்கு எந்த அறநெறிக் குழுவும் அனுமதி வழங்குவதில்லை, ஒப்புதல் படிவமும் கிடையாது. அதன் விளைவு என்ன என்பதை எண்களோடு எடுத்துக்காட்ட நமக்கு இந்த ஆய்வு உதவுகிறது. பிள்ளைக்கு வலி கொடுத்த ஆய்வே பிள்ளைகளுக்கு ஆயுதமாகவும் இருக்கிறது. இந்த முரணை மறைக்காமல் ஏற்றுக்கொண்டுதான் பேச முடியும்.

மூன்றாவது வாசல், நிறுவனம். அறிக்கை ஆங்கிலத்தில் வாஷிங்டனிலிருந்து வெளியானது. சமத்துவம் பற்றிய 2006ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கையில் எடுத்தாளப்பட்டது. கொள்கை வகுப்பவர்கள் படித்தார்கள். புதிர் போட்ட சிறுவனின் தாய் படிக்கக்கூடிய மொழியில் அது இல்லை. இது அந்த ஒரு நிறுவனத்தின் குறை மட்டுமல்ல. நம் ஊர் ஆய்வேடுகளும் பெரும்பாலும் துறை அலமாரியில்தான் உறங்குகின்றன. முடிவு யாரிடமிருந்து பெறப்பட்டதோ அவர்களிடம் அவர்கள் மொழியில் திரும்பிச் செல்ல வேண்டும். அது கருணையால் செய்வதன்று, கடன்.

நான்காவது வாசல்தான் மிக முக்கியமானது. முடிவை எப்படி விளக்குவது?

4. காயமா, கத்தியா?

அந்தச் சோதனையின் முடிவை இரண்டு விதமாகப் படிக்கலாம். தலித் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை குறைவு, சாதியைச் சொன்னாலே சுருங்கிவிடுகிறார்கள், ஆகவே அவர்களுக்கு ஆளுமைப் பயிற்சி கொடுங்கள் என்பது ஒரு வாசிப்பு. இன்னொன்று, எதற்கு மதிப்பு கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதை அனுபவத்தால் அறிந்த பிள்ளைகள் அவர்கள் என்பது. சாதி தெரிந்துவிட்ட இடத்தில் தன் உழைப்புக்கு நியாயமான பலன் கிடைக்காது என்று அந்தப் பிள்ளை எதிர்பார்க்கிறது. மனிதர் கையில் முடிவு இல்லாதபோது இடைவெளி மறைந்தது இதைத்தான் காட்டுகிறது. ஆய்வாளர்களும் ஏறத்தாழ இப்படித்தான் விளக்கினார்கள்.

முதல் வாசிப்பின்படி பார்த்தால் குறை பிள்ளையிடம் இருக்கிறது. திருத்த வேண்டியது பிள்ளையை. இரண்டாவது வாசிப்பின்படி குறை மதிப்பிடுகிறவரிடம் இருக்கிறது. திருத்த வேண்டியது மதிப்பீட்டு முறையை. பொதுத்தேர்வு விடைத்தாளில் டம்மி நம்பர் போடுகிறார்களே, அதன் பொருள் இதுதான். ஆனால் இன்டர்னல் மார்க்குக்கு டம்மி நம்பர் இல்லை, வைவாவுக்கு இல்லை, ஆய்வு வழிகாட்டி கிடைப்பதற்கு இல்லை. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் தலித், பழங்குடி மாணவர்கள் எதிர்கொள்ளும் பாகுபாட்டை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அளித்த அறிக்கை, ஆசிரியரின் விருப்பம் செல்லுபடியாகும் இத்தகைய இடங்களைத்தான் சுட்டிக்காட்டியது.

கறுப்பின மக்களின் வரலாற்றிலும் இதே சிக்கல் உண்டு. 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியல் தம்பதியர், கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பலர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். உன்னைப் போல் இருக்கும் பொம்மை எது என்ற கேள்வி வந்தபோது அழுத குழந்தைகளும் உண்டு. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் வழங்கிய தீர்ப்புக்கு அந்த ஆய்வு துணை நின்றது. அதே ஆய்வு, கறுப்பினத்தார் மனம் சிதைந்தவர்கள் என்ற பிம்பத்துக்கும் பிறகு சிலரால் பயன்படுத்தப்பட்டது. காயத்தை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தால், பார்க்கிறவர் கத்தியை மறந்துவிடுவார்.

நம் பல்கலைக்கழகங்களில் நடக்கும் மரணங்களைப் பேசும்போது இது உயிர்ப் பிரச்சினையாகிறது. 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா இறந்தார். அவரும் நண்பர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்கள், உதவித்தொகை நின்றிருந்தது. மத்திய அரசு அமைத்த ரூபன்வால் ஆணையம், அவருடைய சொந்த விரக்தியே காரணம் என்றது, அவருடைய சாதிச் சான்றையும் கேள்விக்குள்ளாக்கியது. மனச்சோர்வு என்ற சொல் பொய்யில்லை. ஒடுக்கப்பட்டவருக்கு மனச்சோர்வு வரும், மருத்துவமும் வேண்டும், ஆலோசனையும் வேண்டும். அதை நாம் ஒருபோதும் இழிவாகப் பேசக் கூடாது. ஆனால் மனச்சோர்வு என்று எழுதிவிட்டு, எதனால் என்ற இடத்தைக் காலியாக விடுகிற விளக்கம், உளவியலின் பெயரால் நிறுவனத்தை விடுவிக்கிறது.

5. கையெழுத்து யாருடையது?

ஒப்புதல் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். தகவலறிந்த ஒப்புதல் என்றால், என்ன ஆய்வு, என்ன ஆபத்து, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதை அறிந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதிப்பது. மறுக்க முடியாத இடத்தில் பெறப்படும் சம்மதம் சம்மதம் ஆகாது.

மருத்துவத் துறையில் நடந்த ஒன்று இதற்குப் பாடம். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் ஆய்வுத் திட்டம் நடந்தது. சிறுமிகளில் பழங்குடிப் பிள்ளைகள் நிறையப் பேர். சர்ச்சைக்குப் பிறகு 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கையின்படி, ஆந்திரத்தில் 9,543 படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். 1,948 படிவங்களில் கைநாட்டு. தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். பெற்றோரின் இடத்தில் காப்பாளர் கையெழுத்துப் போட்டது ஏன் எளிதாயிற்று என்பதுதான் நம் கேள்வி. ஆதிதிராவிடர் விடுதியில் படிக்கிற பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுக்கும் உளவியல் மாணவரும் இதையே எண்ணிப் பார்க்க வேண்டும். வார்டன் அனுமதித்தார் என்பது அறைக்குள் நுழைவதற்கான அனுமதி மட்டுமே. பிள்ளையின் மனத்துக்குள் நுழைவதற்கு அது போதாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் சமூக, நடத்தை சார்ந்த உடல்நல ஆய்வுகளையும் பற்றிப் பேசுகின்றன. சமூகத்தில் பின்தள்ளப்பட்டவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்கின்றன. அறநெறிக் குழுவில் மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவர், சமூகவியலாளர், பொதுமக்களில் ஒருவர் ஆகியோரும் இருக்க வேண்டும். அந்தப் பொதுமக்களில் ஒருவர் என்ற நாற்காலியில் சேரியிலிருந்து யாராவது எப்போதாவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பெயரை மறைப்பதும் நாம் நினைப்பதுபோல் எளிதல்ல. பெருநகரத்தில் ஒரு பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடலாம். நாற்பது வீடுகள் உள்ள ஒரு தெருவைப் பற்றி எழுதிவிட்டு, சாதி கடந்து திருமணம் செய்துகொண்ட தையல்காரரின் மகள் என்று குறித்தால், பெயர் எதற்கு? ஊருக்கே தெரிந்துவிடும். வன்கொடுமை வழக்கில் சாட்சியாக இருப்பவரின் பேட்டி அப்படி வெளியானால் அது அவர் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, கொலையையோ வன்முறையையோ நேரில் கண்டவர்களிடம் ஒவ்வோர் ஆய்வாளரும் வந்து முதலிலிருந்து சொல்லச் சொல்வது. சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர்கள் அந்த இரவுக்குள் போய்விட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே பதிவாகியிருப்பதைப் படித்துவிட்டு, இல்லாததை மட்டும் கேட்பதே குறைந்தபட்ச மரியாதை.

6. கேள்வியைத் திருப்புதல்

இவ்வளவையும் கேட்டபின், அப்படியானால் ஆய்வே வேண்டாம் என்று நினைக்கத் தோன்றும். அது தவறு. சீபரும் ஸ்டான்லியும் தங்கள் கட்டுரையில் இதையும் எச்சரித்தார்கள். சிக்கலானது என்பதற்காக இத்தகைய ஆய்வைத் தவிர்ப்பதும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான். சாதியைப் பற்றி உளவியல் பேசாமல் இருந்தால் லாபம் சாதிக்குத்தான். ஆகவே நாம் கேட்பது ஆய்வை நிறுத்தச் சொல்லி அல்ல, கேள்வியைத் திருப்பச் சொல்லி.

திருப்பியவர்கள் இருக்கிறார்கள். தோரட்டும் அமெரிக்கச் சமூகவியலாளர் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செய்தித்தாளில் வந்த 548 தனியார் துறை வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான், பெயரில் மட்டும் மேல்சாதி, தலித், முஸ்லிம் அடையாளம் தெரியும். தலித் பெயர்களுக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வரும் வாய்ப்பு, மேல்சாதிப் பெயர்களுக்கு வந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். இந்த ஆய்விலும் ஓர் அறச் சிக்கல் உண்டு. நிறுவனங்களிடம் ஒப்புதல் வாங்கவில்லை, விண்ணப்பங்கள் கற்பனையானவை. ஆனால் எந்த நிறுவனத்தையும் பெயர் சொல்லிக் காட்டவில்லை. யாருடைய மானமும் போகவில்லை. போனது மனிதவளத் துறையின் சில நிமிடங்கள். சொல்லிவிட்டுச் செய்திருந்தால் உண்மை வெளிவந்திருக்காது. யார் யாரிடம் மறைக்கிறார்கள், வலி யாருக்கு, பயன் யாருக்கு என்று எடைபோடும்போது, வலியவரின் பாகுபாட்டை அம்பலப்படுத்த மறைப்பதும் எளியவரின் பிள்ளையிடம் மறைப்பதும் ஒரே தராசில் நிற்காது.

நம் ஊரில் பெயரில் சாதி ஒட்டு இல்லை, இனிஷியல்தான். ஆகவே, எந்த ஏரியா, எந்தத் தெரு, அப்பா என்ன வேலை என்று கேட்டுத்தான் சாதியைக் கண்டுபிடிக்கிறார்கள். வேலைக்கான நேர்முகத்தில், வாடகை வீட்டுக்கான பேச்சில் இந்தக் கேள்விகள் எப்படிக் கேட்கப்படுகின்றன என்பதை ஓர் உளவியல் மாணவர் ஆராயலாம். நமக்குத் தேவையான ஆய்வு அது.

இன்னொரு முன்மாதிரி, 2011-12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வு. 42,000க்கு மேற்பட்ட குடும்பங்களிடம், உங்கள் வீட்டில் தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா என்று நேரடியாகவே கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியினர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ பாத்திரத்தைத் தொட்டாலோ பிரச்சினையா என்றும் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்து ஒப்புக்கொண்ட குடும்பங்கள் ஏறத்தாழ 27 விழுக்காடு. சட்டம் தடைசெய்த ஒன்றைத் தம் வாயால் ஒப்புக்கொண்டவர்கள் மட்டுமே இவர்கள். தீண்டாமையால் பாதிக்கப்பட்டவரின் மனநிலை பற்றி அலமாரி நிறைய ஆய்வேடுகள் இருக்கலாம். தீண்டாமை செய்பவரின் மனநிலை பற்றி எத்தனை இருக்கின்றன? ஒரு மனிதர் தொட்ட குவளையைத் தனியே வைக்கிற கை எப்படிப் பழக்கப்படுகிறது, பிள்ளைக்கு எந்த வயதில் அது கற்பிக்கப்படுகிறது என்பது உளவியலின் கேள்வி இல்லையா?

7. வாசலில் கேட்க வேண்டியவை

நிறைவாக, செயல்பாட்டாளர்களுக்கும் மாணவர்களுக்கும் சில கேள்விகளை வைக்கிறோம். ஆய்வாளர் நம் தெருவுக்கு வரும்போது கேட்க வேண்டியவை இவை. நாம் இன்னொருவர் தெருவுக்குப் போகும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவையும் இவையே.

இந்த ஆய்வு எங்களிடம் குறை தேடுகிறதா, எங்களுக்கு நடப்பதைத் தேடுகிறதா? முடியாது என்று சொன்னால் உதவித்தொகையோ மருந்தோ விடுதி இடமோ எங்களுக்குப் பாதிக்கப்படுமா? பணம் கொடுப்பது யார், அனுமதித்த குழு எது, அதில் எங்களைப் போன்றவர் உண்டா? எங்கள் தெருவின் பெயர் அச்சில் வருமா? அறிக்கையை அச்சுக்குப் போகும் முன் தமிழில் எங்களுக்குப் படித்துக் காட்டுவீர்களா, விளக்கம் தவறென்றால் எங்கள் மறுப்பையும் சேர்ப்பீர்களா?

இந்தக் கேள்விகளைக் கேட்டால் ஆய்வாளர் கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்ச வேண்டியதில்லை. நல்ல ஆய்வாளர் இவற்றை வரவேற்பார். கோபித்துக்கொண்டு போகிறவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பதால் நமக்கு இழப்பில்லை. இங்கே இருக்கும் மாணவர்கள் அடுத்த பருவத்தில் ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள். தலைப்பை எழுதிவிட்டு, அதில் கேள்வி யாரை நோக்கி நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள். திருப்பி வைக்க வேண்டும் என்று தோன்றினால் திருப்பி வையுங்கள். அதற்கான துணிவையும் முறையையும் தீண்டப்படாதோர் நூலில் அம்பேத்கர் செய்தே காட்டியிருக்கிறார்.